ஊமை வண்டி

அஜீஸ்பேட்டையில் சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். சைரன் இல்லாமல் வந்தால் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். யாரும் கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல இது. நகராட்சி வண்டிகளின் லட்சணத்தால் தானாக வந்த பழக்கம்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஹைவேயை விட்டுப் பாலாற்றுப் பக்கம் இறங்கினால் இந்த ஊர். இறங்கும்போதே தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையை எடுக்கும்போதுதான், ஓ, வாடை அடிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள். ஏற்றுமதி நன்றாக ஓடிய ஒரு காலத்தில் தோல் ஷாப்பு முதலாளிகள் சேர்ந்து மூன்று ஆம்புலன்ஸ் வாங்கி நகராட்சிக்குக் கொடுத்தார்கள். பிறகு ஏற்றுமதியும் படுத்தது, வண்டிகளும் படுத்தன. ஒன்று நகராட்சி ஷெட்டில் கருங்கல்லின் மேல் உட்கார்ந்து மற்ற இரண்டுக்கும் உதிரி பாகம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் சைரன் இருந்தது. அதில் நோயாளிகளை ஏற்றினார்கள். மூன்றாவதில் சைரன் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. டிரைவர் அருணகிரி அதைச் சரி செய்யக் கேட்கும்போதெல்லாம் ஆபீசில் ஒரே பதில்தான்.

"புது வண்டி வரப்போவுதுப்பா. இதுக்குப் போயி இன்னாத்துக்குச் செலவு?"

புது வண்டி வருகிறது என்று சொல்லிச் சொல்லியே பழைய வண்டிகளைச் சாகவிட்டார்கள். சைரன் இல்லாத வண்டியில் நோயாளியை ஏற்றினால் கடைத்தெருவைத் தாண்ட முடியாது என்பதால், அந்த ஊமை வண்டி வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பிணங்களைக் கொண்டுவரும் வண்டியானது. அது வருவதைக் கண்டால் பிரியாணிக் கடைக்காரரும் பூக்கடைக்காரரும் எழுந்து நிற்பார்கள். தெரிந்தவர் வீட்டு மையத்து என்றால் கொஞ்ச தூரம் கூடவே நடப்பார்கள். மையத்தோடு சில அடி நடப்பது நன்மை என்று பாய்மார்கள் நடந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். மரியாதை தெரிந்த ஊர் என்று பெயர். அந்த மரியாதைதான் ரஃபி அகமதுவை ஒரு சித்திரை மாதத்துக் காலையில் நடுத்தெருவில் நிறுத்தியது.

ரஃபி அகமது தோல் ஷாப்பில் டிரம் மேஸ்திரி. ஒரு அறை அளவுக்கு இருக்கும் மரப் பீப்பாய்க்குள் தோலும் மருந்தும் தண்ணீரும் போட்டுச் சுற்ற விடுவதுதான் டிரம். அதன் கடகடப்புக்குப் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்ததால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரல்கள் வெடித்திருக்கும். சோறு பிசையும்போது எரிகிறது என்று ரசம் விட்டுக்கொள்ள மாட்டார், புளி விட்ட தால்ச்சாவும் கம்மிதான். மனைவி பக்ருன்னிசா வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோல் தைப்பாள். பக்கத்து வீட்டு பாரதி கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தெருப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். இரண்டு ஊசியை எதிரும் புதிருமாக விட்டு இழுத்து இழுத்து பக்ருன்னிசாவின் சுண்டு விரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. மகன் ஒவைஸுக்கு ஷூ கம்பெனியில் வேலை. மகள் தபஸ்ஸும் கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

பக்ரீத்துக்கு முன்னால் ஒரு தடவை ரஃபிக்கு நெஞ்சு வலித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ப் பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம் ஒன்றுதான். கடைத்தெருவை எப்படித் தாண்டுவது. ஹைவேக்குப் போக வேறு வழி இல்லை. ரயில் பாலத்தின் அடியில் ஒரு பாதை உண்டு. அதில் தோல் ஷாப்புக் கழிவுநீர் நின்று ஆட்டோகூடப் போகாது.

அன்று காலை ரஃபி இட்லி தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டினார். ஒரு கை உள்ளே போனது. மறு கை போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"பக்ரு, கொஞ்சம் தண்ணி."

அவர் மெதுவாகப் பேசியதைக் கேட்டே பக்ருன்னிசாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஷூ மேல்தோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

தெருமுனை டாக்டர் ஷாஹித் வந்து பார்த்தார். நாக்கடியில் மாத்திரை வைத்தார்.

"கார்ல எல்லாம் வேணாம், ஒவைஸ். மூச்சு ரொம்ப கம்மியா இருக்கு. ஆக்சிஜன் வெச்சினுதான் போவணும். ஆம்புலன்ஸ் சொல்லு, ஜல்தி."

ஒவைஸ் அரசாங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பள்ளிகொண்டா பக்கம் பஸ் கவிழ்ந்து சுற்று வட்டாரத்து வண்டிகள் எல்லாம் அங்கே போயிருந்தன. கொஞ்சம் பொறுத்தால் அனுப்புகிறோம் என்றார்கள். பொறுக்கிற நோயா இது. நகராட்சிக்குப் போட்டான். அருணகிரி எடுத்தான்.

"சைரன் வண்டி கிளட்ச் போயி ஒர்க் ஷாப்புல இருக்குப்பா. இரு, நான் ஆபீசுல கேட்டுட்டு வர்றேன். புது வண்டி ரெண்டு நிக்குது."

உண்மைதான். புது வண்டிகள் இரண்டும் வந்து இறங்கி, நகராட்சி வளாகத்தில் தார்ப்பாய்க்கடியில் நின்றுகொண்டிருந்தன. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. கொடி அசைக்க வரவேண்டிய பெரிய மனிதருக்குத்தான் தேதி கிடைக்கவில்லை. பழமே காய்ந்து கருத்துவிட்டது. அருணகிரி மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்டான். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களால் வருகிற கேடு கெட்டவர்களால்கூட வருவதில்லை.

"கொடி அசைக்காத எடுத்தேன்னு வெய்யி, நாளைக்கே என்னை எங்கியாவது தூக்கி அடிச்சிடுவாங்க. அந்தப் பழைய வண்டி இருக்கில்ல? ஆக்சிஜன் இருக்கு இல்ல? எடுத்துனு போ. ஹாரன் அடிச்சினே போ."

அருணகிரி ஊமை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வாசலுக்கு வந்த பக்ருன்னிசா வண்டியைப் பார்த்தாள். இரண்டு கையையும் கதவில் வைத்து மறித்து நின்றுகொண்டாள்.

"இந்த வண்டி வேணாம்."

"பாயம்மா, வேற வண்டி இல்ல. நேரம் போவுது" என்றான் அருணகிரி.

"என் தங்கச்சிய இதுலதான் கொண்டாந்து எறக்கின. எதிர் வீட்டு மாமுவ இதுலதான் எறக்கின. உசிரோட இருக்கிற மனுஷன இதுல ஏத்த வுட மாட்டேன் நான்."

"அம்மி, தள்ளு" என்று அம்மாவின் கையைப் பிடித்தான் ஒவைஸ்.

"நீ சும்மா இரு. வேற வண்டி கொண்டா. இல்லன்னா தள்ளு வண்டியில வெச்சி இழுத்துனு போ. இதுல வேணாம்."

"பாயம்மா, வண்டில இன்னா இருக்குது? இரும்பு. நான் பினாயில் போட்டுக் கழுவித்தான் கொண்டாந்தேன். என் புள்ளைங்க மேல சத்தியமா, வேலூர்ல கொண்டுபோயி வுட்டுட்டுத்தான் மறு வேல பார்ப்பேன்."

பாரதி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "வுடு பக்ரு. வழி வுடு" என்றாள். பக்ருன்னிசா அசையவில்லை. மூடநம்பிக்கை என்று தூரத்திலிருந்து சொல்லலாம். தங்கையின் முகத்தைத் துணி விலக்கிக் காட்டிய அதே கதவுக்குள் புருஷனைத் தள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

உள்ளேயிருந்து ரஃபியின் குரல் வந்தது. பழைய கத்தலில் கால்வாசிகூட இல்லை.

"ஏத்தச் சொல்லு பக்ரு. எல்லா வண்டியும் ஒரே ரோட்டுலதான் போவுது."

அவள் கையை எடுத்தாள். கூட வருகிறேன் என்றாள். உள்ளே விடுவது ஒருத்தரைத்தான், நீ வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய் என்று டாக்டர் ஷாஹித் தடுத்துவிட்டார். ஒவைஸ் ஏறிக்கொண்டான். ஆக்சிஜன் மூடியை அப்பாவின் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டான். தபஸ்ஸும் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைத்தெரு அப்போதுதான் விழித்திருந்தது. வெயில் மட்டும் முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டது. அருணகிரி ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரனில் கை வைத்தபடி நுழைந்தான். அந்தத் தெருவில் ஹாரன் அடிக்காத வண்டி எது? தோல் மூட்டை ஏற்றிய டெம்போவும் அடிக்கிறது, ஷூ கம்பெனி பஸ்ஸும் அடிக்கிறது. யாரும் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தவர்கள் ஊமை வண்டியைப் பார்த்தார்கள். முன் சீட்டுக்குப் பின்னால் ஒவைஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்துல் வஹாபின் பிரியாணிக் கடையில்தான் முதல் ஷட்டர் இறங்கியது. வஹாபும் ரஃபியும் சின்ன வயதிலிருந்து தோஸ்த். அண்டாவைத் திறந்து கிண்டிய கரண்டியோடு வஹாப் வெளியே வந்து, "இன்னா லில்லாஹி" என்று ஆரம்பித்தார். அது மரணம் கேட்டால் சொல்கிற வார்த்தை. அடுத்து பூக்கடை, செல்போன் கடை, நாட்டு மருந்துக் கடை. ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரகரவென்று இறங்கின. பைக்கில் வந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தார்கள். வண்டிக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

ஒவைஸ் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தான். அது எப்போதோ இறுகிவிட்டது. முஷ்டியால் குத்தி ஒரு கை போகிற அளவுக்குத் திறந்தான்.

"வழி வுடுங்க. உசிரோட இருக்காரு. எங்கப்பா உசிரோட இருக்காரு."

பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். "சபர் பண்ணு பேட்டா, பொறுத்துக்கோ. அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கினான்."

"இல்ல மாமு. மூச்சு இருக்கு. நீங்களே பாருங்க."

"இருக்கும்டா. என் பையன் போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி." அவர் அழுதார். கையை விடவில்லை.

அருணகிரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். முன்னால் நடந்தவர்களின் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். "இது மையத்து இல்லடா, பேஷண்ட்டு. நவுருங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தலில் கூட்டம் கலைந்தது. ஆனால் அவன் ஏறிச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. பழைய வண்டியைச் சூட்டில் நிறுத்தவே கூடாது என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தாமல் என்ன செய்வான்? மையத்துக்கு நடக்க வந்தவர்களே பின்னால் போய் வண்டியைத் தள்ளினார்கள். வஹாப் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டுத் தள்ளினார். வண்டி உறுமியது. ஹைவே ஏறுவதற்குள் ரஃபியின் உதடு நீலமாகிவிட்டது.

வேலூரில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார் இளம் டாக்டர். கேள்வியாகத்தான் கேட்டார், குற்றமாக இல்லை. ஒவைஸ் எதைச் சொல்வான்? எங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் அப்பாவுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லவா?

மறுநாள் ரஃபி கண் திறந்து பேசினார். ஒவைஸை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள்.

"வஹாப் ஷட்டர் போட்டான், இல்ல?"

ஒவைஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சி. காது நல்லாத்தானே இருக்கு. அவன் ஓதினதும் கேட்டுச்சி." ரஃபி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காலை யாவாரத்துல கடை மூட மாட்டான்டா அவன். அவன் அப்பன் செத்தப்பவே மதியத்துக்கு மேலதான் மூடினான். எனக்கு மூடினான்."

சிரித்தார். ஒவைஸால் சிரிக்க முடியவில்லை. அப்பா உயிரோடு படுத்துக்கொண்டு தன் சாவைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு ஷட்டராக இறங்குவதைக் கேட்டிருக்கிறார்.

"அம்மிகிட்ட சொன்னியா?"

"ஷட்டர் போட்டத? இல்ல."

"சொல்லாத. ஆனா அவளுக்குக் கேட்டிருக்கும். நம்ம வூட்டு ஜன்னல் கடைத்தெரு பக்கம்தானே. வண்டி போன ஒடனே சத்தம் கேட்டிருக்கும். இன்னா நெனச்சிருப்பா பாவம்."

அவர் சொன்னது சரிதான். ஷட்டர் சத்தம் வீட்டுக்குக் கேட்டிருந்தது. பக்ருன்னிசா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷன் தெருமுனை தாண்டுவதற்குள் போய்விட்டார் என்றே நினைத்தாள். வஹாப் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு, "இல்ல பாபி, இருக்காரு, நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்" என்று சொல்லும்வரை பாரதியும் தபஸ்ஸும் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவள் பகலில் நோன்பு பிடித்தாள். ஊசியைத் தொடவில்லை. பாரதிதான் தன் பங்கோடு அவள் பங்கையும் உட்கார்ந்து தைத்தாள். கட்டு திரும்பிப் போகாவிட்டால் கம்பெனியில் அடுத்த கட்டு தர மாட்டார்கள்.

"போன்ல பேசினாரு இல்ல? அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?" என்றாள் பாரதி, நூலைப் பல்லால் கடித்தபடி.

"பேசினாரு. மெதுவாப் பேசினாரு, பாரதி. அவரு மெதுவாப் பேசினா எனக்குப் புடிக்கல."

"ஆஸ்பத்திரில கத்த முடியுமா?"

"அவரு கத்துவாரு. நல்லா இருந்தா எங்க இருந்தாலும் கத்துவாரு. எங்கம்மா வூட்டுக்கு என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே கத்தினாரு."

தபஸ்ஸும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு கூட்டம் நகராட்சிக்குப் போனது. முன்னால் போனவர் வஹாப். நண்பனுக்கு ஷட்டர் இறக்கிய கை அவரைச் சும்மா இருக்க விடவில்லை. தார்ப்பாயை அவரே பிடித்து இழுத்தார்.

"இதுங்களுக்குக் கொடி அசைக்கணுமா? நான் அசைக்கிறேன். கொண்டா துணிய" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டினார். மேனேஜர் யாருக்கெல்லாமோ போன் போட்டார். கடைசியில், ஒரு வண்டியை மட்டும் சத்தம் காட்டாமல் எடுத்துக்கொள்ளுங்கள், விழா தனியாக நடக்கும் என்று உத்தரவு வந்தது. அருணகிரியிடம் சாவி கொடுத்தார்கள். கம்பெனி ஆள் ஒருத்தர் போனிலேயே எந்தப் பொத்தான் எதற்கு என்று சொன்னார். ஏ.சி., மானிட்டர், விதவிதமாகக் கத்துகிற சைரன். இத்தனை வருஷம் ஓட்டை வண்டியில் வெந்தவனுக்கு அந்தச் சீட்டில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவனுக்கு முதல் அழைப்பு வந்தது. ஒவைஸ்தான்.

"அண்ணே. அப்பா போய்ட்டாரு."

அருணகிரி வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான்.

"இன்னும் யாருக்கும் சொல்லல. அம்மிக்குச் சொல்லல. நீ வா."

வேலூரில் எழுத்து வேலைகள் முடிந்து ரஃபியைப் புது வண்டியில் ஏற்றும்போது மதியம் தாண்டிவிட்டது. ஹைவேயில் கானல் ஓடியது. பாலாற்றில் மணலும் முள்ளும்தான். ஒவைஸ் பின்னால் உட்கார்ந்து, வெள்ளைத் துணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தான். சித்தப்பா போன் செய்தார். எடுத்து, "அப்படியேதான் இருக்காரு" என்று சொல்லி வைத்தான். வீட்டுப் பெண்களுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது அவன் எண்ணம். அந்த ஊரில் எல்லாச் சாவும் அப்படித்தான் கொஞ்ச நேரம் சீரியசாக இருந்துவிட்டு அப்புறம்தான் சாவாகும்.

ஹைவேயிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடத்தில் அவன் முன்னால் குனிந்து சொன்னான்.

"அண்ணே, கடைத்தெருவுல சைரன் போடு."

அருணகிரி பிரேக்கை மிதித்தான். "இன்னாப்பா சொல்ற?"

"சைரன் போடாத போனா ஷட்டர் போடுவாங்க. சத்தம் வூட்டுக்குக் கேக்கும். அன்னிக்கு மாதிரி அம்மி அடுப்படில வுழுந்துடும். இந்தவாட்டி ஷட்டர் சொல்லக் கூடாது அண்ணே. நான் சொல்லணும். கிட்டப் போயி, உக்கார வெச்சி, மெதுவா சொல்லணும்."

"உசிரு இல்லாத வண்டிக்கு சைரன் போடக் கூடாதுப்பா. ரூல்ஸு. அது போவட்டும், ஊரு வேற மாதிரி எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும். ரெண்டு நிமிஷம்தானே. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம் அண்ணே."

அருணகிரி கண்ணாடியில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தான். நடுத்தெருவில் வண்டியை நிறுத்தியது தன் கைதானே என்று நாலு நாளாக அவனுக்குத் தூக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றிவிட்டது. பொத்தானை அமுக்கினான்.

அப்படி ஒரு சத்தத்தை அஜீஸ்பேட்டை கேட்டதில்லை. டெம்போக்கள் ஓரம் கட்டின. ஷூ கம்பெனி பஸ் ரிவர்ஸில் போய் வழி விட்டது. நாலு நாளைக்கு முன் தலை குனிந்து நடந்த அதே ஆட்கள் இப்போது நடுரோட்டில் நின்று கையை வீசிப் போக்குவரத்தை விலக்கினார்கள். எங்கேயும் ஒரு ஷட்டர் இறங்கவில்லை. வஹாப் கடையிலிருந்து வெளியே வந்தார். புது வண்டியைப் பார்த்தார். உள்ளே ஒவைஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சைரன் கேட்டது.

"ரஃபி வந்துட்டான்" என்றார் பக்கத்துக் கடைக்காரரிடம். பெரிய உடம்பு அவருக்கு. இருந்தும் வண்டிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மசூதிச் சந்து வழியாக ஓடினார். அன்று கெட்ட சேதியைத் தப்பாகக் கொடுத்த பாவத்தை இன்று நல்ல சேதி கொடுத்துக் கழுவிவிடுகிற அவசரம். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வண்டி பெரியது. மசூதித் திருப்பத்தில் முன்னும் பின்னும் போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குள் வஹாப் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பாபி, கூட்டினு வர்றாங்க. சைரன் கேக்குதா? ரஃபிதான். புது வண்டில வர்றான்."

பக்ருன்னிசா ஜன்னலில் காதை வைத்தாள். ஷட்டர் சத்தம் இல்லை. சைரன் மட்டும்தான். அவள் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்த பாரதி, தைத்துக்கொண்டிருந்ததை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தாள். கட்டிலில் கிடந்த தோல் கட்டுகளை இருவரும் வாரி மூலையில் போட்டார்கள். தபஸ்ஸும் பெட்டியிலிருந்து கல்யாணத்துக்கு வைத்திருந்த புதுப் போர்வையை உருவினாள். எப்போதும் அதை எடுக்காதே என்கிற அம்மா, தானே ஒரு முனையைப் பிடித்து விரித்தாள்.

"நொய்க் கஞ்சி வை. உப்பு கம்மியாப் போடு" என்றாள் பக்ருன்னிசா. "மின்விசிறிய இந்தப் பக்கம் திருப்பு. பாரதி, ரெண்டு ஆம்பளைங்கள நிக்கச் சொல்லு, எறக்கறதுக்கு. அவருக்குப் படி ஏற முடியாது."

தெரு முழுக்கக் கூடிவிட்டது. யாரோ ஒரு பெண் தட்டில் சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் கையிலும் போட்டாள். பக்ருன்னிசா முக்காட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றாள்.

வண்டி வந்து நின்றது. சைரன் நிற்கவில்லை. அருணகிரி ஒரு பொத்தானை அமுக்கினான். சத்தம் வேறு மாதிரி மாறியது. இன்னொன்றை அமுக்கினான். இன்னும் அதிகமானது. தெருவையும் சர்க்கரைத் தட்டையும் அந்தம்மா நிற்பதையும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டான். என்ன செய்து வைத்தோம் என்று அவனுக்கு அந்த நொடிதான் விளங்கியது. பலகை முழுக்கத் தடவினான்.

ஒவைஸ் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, கதவை உடனே சாத்தினான். அம்மா சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அவன் நினைத்து வந்தது எதுவும் இங்கே இல்லை. உட்கார வைக்கத் திண்டோ நாற்காலியோ இல்லை. ஒதுக்கமாக ஒரு மூலை இல்லை. பத்தடி தூரத்தில் ஊர் நடுவில் அம்மா நின்றாள்.

"மெதுவா எறக்குங்க" என்று அவள் சொன்னது வாயசைவில்தான் தெரிந்தது.

அவன் சொன்னான். அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கிட்டப் போகக் கால் வரவில்லை அவனுக்கு. மறுபடியும் சொன்னான். வஹாப் அவன் தோளில் தட்டினார். சைரன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, டிரம் பக்கத்தில் நின்று அவன் அப்பா கத்துவாரே, அப்படிக் கத்தினான்.

அதே சமயம் அருணகிரிக்குச் சரியான பொத்தான் கிடைத்தது.

"அம்மி, அப்பா செத்துட்டாரு."

தெரு மொத்தமும் கேட்டது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கேட்டது. சர்க்கரையை வாயில் போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். உள்ளேயிருந்து கஞ்சிக் கரண்டியோடு தபஸ்ஸும் வாசலுக்கு வந்தாள்.

பக்ருன்னிசா காதுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்கவில்லை. மகனைப் பார்த்தாள், சுற்றி நிற்பவர்களைப் பார்த்தாள், மறுபடி மகனைப் பார்த்தாள்.

"கத்தாதடா" என்றாள். "கிட்ட வந்து சொல்லு."